பள்ளி முடிக்கும் ஷார்ட்ஸ்டாப்: ஒப்பந்தமா, பல்கலைக்கழகமா, ஈராண்டுக் கல்லூரியா?

தொழில்முறைப் பேஸ்பால் அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2023 ஜூலை டிராஃப்டில் டொராண்டோ புளூ ஜேஸ் அணி முதல் சுற்றில், இருபதாவது தேர்வாக, அர்ஜுன் நிம்மலா என்ற பதினேழு வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் உள்கள ஆட்டக்காரரை) எடுத்தது. இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான அவர், ஃபுளோரிடாவின் டோவரிலுள்ள ஸ்ட்ராபெரி கிரெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தார். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் காத்திருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு, 30 லட்சம் டாலர் போனஸுக்குக் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து, அமெரிக்காவில் பிள்ளைகளைப் பேஸ்பால் ஆடவிட்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் என்னிடம் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள்: எங்கள் பையனுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தால் என்ன செய்வது? வராவிட்டால் எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது?

உள்களத்தில் ஆடும் பையனை, குறிப்பாக ஷார்ட்ஸ்டாப்பை, மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். பந்து வீசுபவனுக்கும் பந்து பிடிக்கும் கேட்சருக்கும் கணக்கு வேறு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பணம். அறிவிக்கப்படும் போனஸ் தொகையை மட்டும் பார்க்காமல், வரியும் ஏஜென்ட் கட்டணமும் போனபின் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது காலம்: எந்த வயதில் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கை எட்ட முடியும், எந்த வயதில் தன் விலையைத் தானே பேசும் சுதந்திர ஆட்டக்காரர் ஆக முடியும் என்பது. மூன்றாவது, ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டங்கள் ஆடுவான், தரையில் உருண்டு வரும் பந்துகளை எத்தனை முறை எடுப்பான், பிழை செய்தால் அவனைத் திருத்த யார் இருப்பார்கள் என்பது. நான்காவது, ஆட்டம் கைவிட்டால் கையில் என்ன நிற்கும் என்பது.

ஐந்தாவது அளவுகோலை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன், ஏனெனில் அது உள்கள ஆட்டக்காரனுக்கே உரியது. பதினேழு வயதில் ஷார்ட்ஸ்டாப்பாக இருப்பவன் இருபத்திரண்டிலும் ஷார்ட்ஸ்டாப்பாக இருப்பான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உடல் விரியும், இடுப்பும் தோளும் கனக்கும், முதல் அடி அரை நொடி தாமதமாகும், பக்கவாட்டில் ஓடி எடுத்து வீசும் வீச்சு, வேண்டிய இடத்தை எட்டாமல் போகும். 1990இல் முதல் தேர்வான சிப்பர் ஜோன்ஸ் பள்ளி ஷார்ட்ஸ்டாப். புகழ்பெற்றதோ மூன்றாம் பேஸில். 2010இல் மூன்றாவது தேர்வான மேனி மச்சாடோவும் ஷார்ட்ஸ்டாப்பாகவே எடுக்கப்பட்டு, மூன்றாம் பேஸ்காரராகவே மேஜர் லீக்கில் நுழைந்தார். மூக்கி பெட்ஸ் இரண்டாம் பேஸில் வளர்ந்தவர். பாஸ்டனில் அந்த இடத்தில் டஸ்டின் பெட்ரோயா இருந்ததால் வெளிக்களத்துக்குப் போனார். இவர்கள் மூவரும் நிலைத்தது மட்டையின் பலத்தால். ஆகவே, ஷார்ட்ஸ்டாப் இடம் பறிபோனாலும் மட்டை இவனைத் தாங்குமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காமல் எந்தப் பாதையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த விடையைப் பையனின் சொந்தப் பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். அவனை நேசிக்கும் யாரிடமும் கேட்காதீர்கள். எதிரணிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

| | பள்ளியிலிருந்து நேராக | நான்காண்டுப் பல்கலைக்கழகம் | ஈராண்டுக் கல்லூரி |
|---|---|---|---|
| மறுபடி டிராஃப்ட் வாய்ப்பு | கையெழுத்திட்டால் இல்லை | மூன்றாம் ஆண்டு முடிவில், அல்லது 21 வயதில் | ஒவ்வோர் ஆண்டும் |
| ஒரு பருவத்து ஆட்டங்கள் | மைனர் லீக்கின் (மேஜர் லீக்குக்குக் கீழுள்ள தொழில்முறை லீக்குகளின்) கீழ்ப்படியான சிங்கிள்-ஏ நிலையில் 132 | வழக்கமான பருவத்தில் 56 வரை | பல்கலைக்கழகத்தைப் போலவே |
| வரும் பணம் | போனஸ், பின்னர் சிறு சம்பளம் | உதவித்தொகை, பெரும்பாலும் முழுமையாக அல்ல | குறைந்த கட்டணம் |
| படிப்பு | ஆட்டம் முடிந்தபின் | உடனே | பாதி வரை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் |

பள்ளியிலிருந்து நேராகக் கையெழுத்திடுவது

இந்தப் பாதையின் பெரிய வலிமை காலம். கார்லோஸ் கொரேயா 2012இல் புவெர்ட்டோ ரிக்கோவின் பள்ளியிலிருந்து முதல் தேர்வாக எடுக்கப்பட்டு, 2015 ஜூனில் இருபது வயதில் ஹூஸ்டன் அணிக்கு ஆடினார். 2011இல் எட்டாவது தேர்வான பிரான்சிஸ்கோ லிண்டோர், அதே மாதத்தில் இருபத்தொரு வயதில் கிளீவ்லாந்துக்கு ஆடத் தொடங்கினார். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் நிறைந்தால்தான் சுதந்திர ஆட்டக்காரர் ஆக முடியும். பணிக்காலத்தில் ஓராண்டு என்பது 172 நாட்கள். இருபதில் நுழைபவருக்கு இருபத்தேழில் சந்தை திறக்கிறது. லிண்டோர் அந்த வாசலுக்குச் சற்று முன்பே, 2021 வசந்தத்தில், நியூயார்க் மெட்ஸ் அணியுடன் பத்தாண்டுகளுக்கு 34.1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். பல்கலைக்கழகம் வழியாக வந்த மார்கஸ் செமியன் முதன்முறை சந்தைக்கு வந்தது முப்பது வயதில். ஓராண்டு ஒப்பந்தமே கிடைத்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பேஸ்காரராக 45 ஹோம் ரன்கள் அடித்து, அதன்பிறகுதான் டெக்சாஸ் அணியிடம் ஏழு ஆண்டுகளுக்கு 17.5 கோடி டாலர் பெற்றார். அத்தகைய ஒரு பருவம் எல்லோருக்கும் வாய்க்காது. கல்லூரியில் கழியும் மூன்று ஆண்டுகளின் உண்மையான விலை இதுதான். அந்த விலை கண்ணுக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்தே வசூலிக்கப்படும்.

இன்னொரு வலிமை ஆட்டங்களின் எண்ணிக்கை. டெரெக் ஜீட்டர் 1992இல் மிச்சிகனின் கலமசூவிலிருந்து ஆறாவது தேர்வாக யாங்கீஸுக்கு வந்தார். 1993இல் மைனர் லீக் அணியான கிரீன்ஸ்பரோவில் 126 ஆட்டங்களில் 56 பிழைகள் செய்தார். கல்லூரியில் அந்த அளவுக்குத் தவறவிட்டால், வெற்றியை மட்டுமே நம்பி வேலையில் இருக்கும் பயிற்சியாளர் அவரை மூன்றாம் வாரத்திலேயே வெளியே உட்கார வைத்திருப்பார். யாங்கீஸோ அவரைத் தினமும் அதே இடத்தில் நிறுத்தியது. அந்த இலையுதிர் காலத்தில் மணிக்கட்டு அடிபட்டு மட்டை பிடிக்க முடியாதிருந்த நாட்களில், பயிற்றுநர் பிரையன் பட்டர்ஃபீல்ட் அவரைத் தரைப்பந்துகளிலேயே மூழ்கவைத்தார். 1996இல் ஜீட்டர் ஆண்டின் சிறந்த புதுமுகம். தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் முதலாளி தொழில்முறை அணிதான் என்பதைப் பெற்றோர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் பெரும் பணம் போட்டு எடுத்த பையனுக்கு மட்டுமே அந்தப் பொறுமை கிடைக்கும் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். போனஸில் ஒரு பெரும் பங்கு அந்த ஆண்டு வரியாகவே போய்விடும்; உயர்ந்த வருமான அடுக்கில் கூட்டாட்சி வரி மட்டும் 37 விழுக்காடு. ஃபுளோரிடாவிலோ டெக்சாஸிலோ மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தபின் சம்பளம் உயர்ந்தது உண்மை: சிங்கிள்-ஏ நிலையில் ஆண்டுக்கு 26,200 டாலர், மைனர் லீக்கின் மேற்படியான டிரிபிள்-ஏ நிலையில் 35,800. தங்குமிடத்தையும் அணியே தருகிறது. ஆயினும் போனஸ் தீர்ந்துவிட்டால் இந்தச் சம்பளத்தில் ஆறேழு ஆண்டுகள் காலந்தள்ளுவது கடினம். பதினெட்டு வயதிலோ அதற்குமுன்போ கையெழுத்திடுபவரை அணி ஏழு மைனர் லீக் பருவங்கள் வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயதிலோ அதற்குப்பின்போ இப்போது கையெழுத்திடுபவருக்கு ஆறு பருவங்கள். 2021இல் மைனர் லீக் சீரமைக்கப்பட்டபோது இணைப்பு அணிகள் 160இலிருந்து 120ஆகக் குறைந்தன. டிராஃப்டும் இருபது சுற்றுகளாகச் சுருங்கியது. மெதுவாக வளர்பவனுக்குக் காத்திருக்கும் இடங்கள் குறைந்துவிட்டன.

படிப்புச் செலவை அணி ஏற்கும் திட்டம் ஒப்பந்தத்தில் உண்டு. ஆட்டத்தை விட்ட ஈராண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. இருபத்தைந்து வயதில், பதினெட்டு வயதினருடன் முதலாண்டு வகுப்பில் உட்காரும் மனநிலை பையனுக்கு இருக்குமா என்பதை ஒப்பந்தம் சொல்லாது. தந்தையும் தாயும்தான் சொல்ல முடியும்.

நிம்மலாவின் 2024ஆம் ஆண்டையும் பாருங்கள். புளூ ஜேஸின் சிங்கிள்-ஏ அணியான டனீடனில் பருவத்தைத் தடுமாற்றத்துடன் தொடங்கினார்; அணி அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிப் பயிற்சி வளாகத்துக்கு அனுப்பி, மட்டை வீச்சைச் சீர்செய்தபின் திரும்ப அழைத்தது; மீண்டு வந்தபின் பலமாக அடித்தார். 30 லட்சம் டாலர் முதலீடு செய்யப்பட்டவருக்கு அந்தக் கவனிப்பு இயல்பு. பதினைந்தாம் சுற்றில் வந்தவருக்கு அதே தடுமாற்றத்தில் கிடைப்பது பெரும்பாலும் அணியிலிருந்து விடுவிக்கும் கடிதம்.

எனவே, முதலிரண்டு சுற்றுகளின் தொகை உறுதியாக இருக்கும்போதும், பையன் தன் வகுப்பில் இளையவனாக இருக்கும்போதும், மட்டை தனியாகவே தாங்கும் என்று வெளியார் சொல்லும்போதும் இந்தப் பாதையே மேல். ஐந்தாம் சுற்றில் 172ஆவது தேர்வாக வந்து, டென்னசி பல்கலைக்கழக இடத்தை விட்டு 7.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்ட பெட்ஸின் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே சுற்றில் கையெழுத்திட்டுக் காணாமல் போனவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை.

நான்காண்டுப் பல்கலைக்கழகம்

டான்ஸ்பி ஸ்வான்சனை 2012இல் கொலராடோ ராக்கீஸ் 38ஆம் சுற்றில் எடுத்தது. அவர் வான்டர்பில்ட்டுக்குப் போனார். 2015இல் அரிசோனா அவரை நாட்டின் முதல் தேர்வாக எடுத்து 65 லட்சம் டாலர் கொடுத்தது. அதே டிராஃப்டில் இரண்டாவது தேர்வு அலெக்ஸ் பிரெக்மன், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷார்ட்ஸ்டாப். 2012இல் அவரை பாஸ்டன் எடுத்தது 29ஆம் சுற்றில். டிரியா டர்னரை 2011இல் பிட்ஸ்பர்க் எடுத்தது இருபதாம் சுற்றில். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் ஆடி 2014இல் பதின்மூன்றாவது தேர்வானார். மூவரும் முதலில் கிடைத்த சிறு தொகைக்கு மயங்காதவர்கள். மூன்றே ஆண்டுகளில் அவர்களுடைய விலை பன்மடங்கானது. உடல் எந்த வடிவத்துக்கு வரும் என்பதை அணிகள் கண்ணால் பார்த்துவிட்டதும் ஒரு காரணம். நான் சொன்ன ஐந்தாவது அளவுகோலுக்கு விடை தருவதில் பல்கலைக்கழகத்துக்கு நிகரில்லை.

அங்கே அனுபவிக்கும் வாழ்வும் பொருட்படுத்தத் தக்கது. ஒரு பதினெட்டு வயதினன் தன் வயதொத்தவர்களுடன் படித்து, தோற்று, நண்பர்களுடன் உணவருந்தி வளர்வதை, பேருந்தில் எட்டு மணிநேரம் பயணித்து வேற்றூர் விடுதியில் தனியே உறங்குவதோடு ஒப்பிட்டால், எல்லாக் குடும்பங்களும் முதலாவதையே விரும்பும். விரும்புவது தவறில்லை.

செலவுகளுக்கு வருவோம். பேஸ்பாலுக்கு முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் 11.7 முழு உதவித்தொகைகளையே அணி முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தன. ஆகவே உதவித்தொகை என்ற சொல்லுக்குக் கட்டணத்தின் கால்வாசி என்றும் பொருள் இருந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து, கல்லூரி ஆட்டக்காரர்களின் ஊதியம் பற்றிய வழக்கில் எட்டப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டில் இணைந்த பல்கலைக்கழகங்கள் 34 ஆட்டக்காரர்கள் வரை அணியில் வைத்து, விரும்பினால் அத்தனை பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். விரும்பினால் என்பதே அதில் முக்கியமான சொல். எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 34 என்ற வரம்பு இன்னொரு விதத்திலும் கடிக்கும்: ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழகம் மாறுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில், வேறிடத்தில் மூன்றாண்டு ஆடிய இருபத்தொரு வயது ஷார்ட்ஸ்டாப்பைப் பயிற்சியாளர் கொண்டுவந்து நிறுத்தினால், உங்கள் முதலாண்டுப் பையனுக்கு ஓராண்டு முழுவதும் பெஞ்சுதான். உள்களத்தில் இடங்கள் நான்கே. பந்து வீசுபவர்களைப் போல மாற்றி மாற்றி இறக்க முடியாது. ஆடாமல் கழிந்த ஆண்டு, இவ்வாட்டத்தில் திரும்ப வராத ஆண்டு.

டிராஃப்டில் பேரம் பேசும் வலிமை மூன்றாம் ஆண்டு முடிவில் உச்சத்தில் இருக்கும். நான்காம் ஆண்டில் அது சரிந்துவிடும். மறுத்துத் திரும்பிப்போக இன்னோர் ஆண்டு இருக்கும் வரைதான் அணி கூடுதலாகக் கொடுக்கும். டிராஃப்ட் நாளிலிருந்து 45 நாட்களுக்குள் 21 வயது நிறைந்தால் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே தகுதி உண்டு. ஆகவே கோடையில் பிறந்து, வகுப்பில் மூத்தவனாக இருக்கும் பையனுக்குப் பல்கலைக்கழகப் பாதையில் ஓராண்டு மிச்சம். பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்கிடாத குடும்பங்கள் ஏராளம்.

ஈராண்டுக் கல்லூரி

நம் குடும்பங்களில் கம்யூனிட்டி கல்லூரி என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இவ்வாட்டத்தைப் பொறுத்தவரை அந்த முகச்சுளிப்பு அநியாயம். எவான் லோங்கோரியாவை உயர்நிலைப் பள்ளியின் முடிவில் எந்த அணியும் எடுக்கவில்லை; பெரிய பல்கலைக்கழகங்களும் அழைக்கவில்லை. கலிபோர்னியாவின் ரியோ ஹோண்டோ கல்லூரியில் ஓராண்டு ஆடினார், உடல் நிறைந்தது, லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் டிராய் டுலோவிட்ஸ்கி இருந்ததால் மூன்றாம் பேஸில் நின்றார். 2006இல் நாட்டின் மூன்றாவது தேர்வு. 2008இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். ஆல்பர்ட் புஹோல்ஸ் கன்சாஸ் சிட்டியின் மேப்பிள் வுட்ஸ் கல்லூரியிலிருந்து 1999இல் பதின்மூன்றாம் சுற்றில், 402ஆவதாக எடுக்கப்பட்டார். முதலில் தரப்பட்ட சிறு தொகையை மறுத்து, கோடைக்கால லீக் ஒன்றில் ஆடித் தன் மதிப்பைக் கூட்டியபின் கையெழுத்திட்டார். அவர் அடித்த ஹோம் ரன்கள் 703.

இங்கே கிடைப்பது இரண்டு: உடனடியாக ஆடும் இடம், ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்குத் தகுதி. விலை: வசதிகள் குறைவு, தேர்வாளர்கள் குறைவாக வருவார்கள், பட்டம் பாதியில் நிற்கும், பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது எல்லாப் பாடங்களும் ஏற்கப்படாமலும் போகலாம். தாமதமாக வளரும் பையனுக்கு, பெரிய அணியில் இடம் கிடைத்தும் ஆட வாய்ப்பில்லை என்று தெரிந்தவனுக்கு, இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

விசா: நம் குடும்பங்களுக்கு மட்டும் உள்ள சுமை

அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும் பையன் குடியுரிமை இல்லாவிட்டாலும் டிராஃப்டுக்கு உட்பட்டவனே. ஆனால் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசாவில்) இருக்கும் பிள்ளை ஊதியம் பெறும் வேலையில் சேர முடியாது. கையெழுத்திட்டால் அணி அவனுக்காக விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசா பெற வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கும் அந்த விசா கிடைக்கிறது. பல்கலைக்கழகப் பாதையில் வேறொரு முடிச்சு: 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் குடும்பம் காத்திருக்க, பையன் மூன்றாம் ஆண்டில், டிராஃப்டுக்குச் சில மாதங்களுக்கு முன், எஃப்-1 மாணவ விசாவுக்கு மாற நேரலாம். எஃப்-1 விசாவில் இருப்பவர், பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறுவது விசாவுக்கே ஆபத்தாகலாம். உடன் ஆடுபவர்கள் பெறும் அந்தப் பணத்தை இவனுடைய வரவில் எழுதக் கூடாது. பேஸ்பால் ஏஜென்டிடம் பேசுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

என் தீர்ப்பும், டிராஃப்டுக்கு முன் செய்ய வேண்டியதும்

வரியும் ஏஜென்ட் கட்டணமும் போய் மிஞ்சும் தொகை, நான்காண்டுப் படிப்பின் முழுச் செலவையும் அதன்பின் ஆறேழு ஆண்டு வாழ்க்கையையும் தாங்குமானால், மட்டையைப் பற்றி வெளியாரின் சொல்லும் சாதகமாக இருந்தால், கையெழுத்திடச் சொல்வேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே ஆடும் வாய்ப்பு இல்லையென்றால், பெயர் பெற்ற இடத்தின் பெஞ்சைவிட ஈராண்டுக் கல்லூரியின் களமே மேல்.

டிராஃப்ட் நாளில் அணிகள் அழைத்துக் கேட்பது ஒன்றே: உங்கள் தொகை என்ன? முதல் பத்துச் சுற்றுகளுக்கும் ஒவ்வோர் அணிக்கும் மொத்தப் போனஸ் வரம்பு இருப்பதால், ஓரிடத்தில் மிச்சம் பிடித்து வேறிடத்தில் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஹூஸ்டன் 2012இல் முதல் தேர்வான கொரேயாவுக்கே நிர்ணயித்த 72 லட்சத்தை விட்டு 48 லட்சம் கொடுத்து, மிஞ்சியதை வைத்து வேறொரு பள்ளி ஆட்டக்காரரைக் கவர்ந்தது. அந்த அழைப்புக்கு விடை சொல்ல உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே தொகையை மே மாதத்திலேயே, பையனும் உடனிருக்க, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அதற்குக் கீழே வரும் எந்தத் தொகைக்கும் விடை ஏற்கனவே எழுதப்பட்டதாக இருக்கட்டும்.